மத்திகிரிக்கு அப்பால் ஏழு வீடுகள்

செவ்வாய், காலை ஆறு மணி.

சேலத்தில் ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை இரண்டு. டிக்கெட் மூன்று ரூபாய் நாலணா. என் தம்பி ராகவனின் வேலை வருகிற வெள்ளிக்கிழமையோடு போய்விடும். முதலாவதற்குக் கண்டக்டர் கணக்குச் சொன்னார்: மைலுக்கு அரையணா, நூற்று நாலு மைல். இரண்டாவதற்கு ராகவனாலேயே காரணம் சொல்ல முடியவில்லை.

ஆந்திரம் பிரிந்துபோன மறு வருஷம் அது, கார்த்திகைக் கடைசி. ராகவன் அபிவிருத்தித் திட்டத்தில் தற்காலிக ஓவர்சீயர். முந்தின வருஷ ஐப்பசி மழையில் ஒரு சிற்றூரில் ஏழு வீடுகள் இடிந்து விழுந்திருந்தன. அந்த ஏழு குடும்பங்களுக்கும் சர்க்கார் செலவில் புது வீடு கட்டும் பொறுப்பு அவனுடையது. கட்டிவிட்டான். ஆவணியில் திறப்புவிழாவும் நடந்தது. மூன்று மாதமாகியும் ஒருவர்கூடக் குடிவரவில்லை. வெள்ளிக்கிழமை சேலத்து இன்ஜினீயர் பார்வையிட வருகிறார். அன்றும் வீடுகள் காலியாகக் கிடந்தால் அவற்றை உரக் கிடங்காக்குவார்கள், ஓவர்சீயரை ஊருக்கு அனுப்புவார்கள். அடுத்த வாரம் மார்கழி பிறந்துவிட்டால் பிறகு எவரும் புது வீடு புகவும் மாட்டார்கள்.

நான் திருச்சி உறையூரில் இருக்கிறேன். பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. ராகவனை வளர்த்ததும் படிக்கவைத்ததும் நான்தான். அவன் ஓசூர்ப் பக்கம் போனதிலிருந்து அந்த வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும் மட்டும். ஆகவே அவன் வேலை போகும் என்றதும் மனம் பதறியது. அவன் திரும்பி வந்துவிடுவான் என்று ஒரு மூலையில் சந்தோஷமும் வந்தது. இரண்டில் எது பெரிது என்று தெரியாமலேதான் பஸ் ஏறினேன்.

தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி தாண்டி, கிருஷ்ணகிரியில் பஸ் அரை மணி நேரம் நின்றது. காபி ஒன்றரை அணா. சூடு மட்டும் அந்த விலைக்குச் சரி. அங்கே ஏறிய ஒரு புளி வியாபாரி என் முன்னால் உட்கார்ந்தார். கண்டக்டரிடம் தெலுங்கிலும், பின்னால் இருந்தவரிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசினார். மூன்றும் அவருக்கு ஒரே பாஷைதான் போலிருந்தது. நான் போகிற இடத்தைச் சொன்னேன். "அந்த ஏழு வூடுங்களா? அங்க காத்து ஆவாதுங்க" என்றார். காற்று எல்லா இடத்திலும்தானே அடிக்கிறது என்றேன். அவர் புளியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பிற்பகல் ஒன்றரை மணி.

ஓசூர். கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி உயரம் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். அந்த மூவாயிரம் அடி முதுகுத்தண்டில் எப்படி ஏறும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. உச்சி வேளையில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். ஏழு மைலுக்கு ஒன்றரை ரூபாய் என்று ஒரு ஜட்கா பேசினேன். வண்டிக்கார சாயபு குதிரையோடு உருதுவில் சண்டை போட்டபடியே ஓட்டினார். மத்திகிரி கால்நடைப் பண்ணையின் நீண்ட வேலியைத் தாண்டும்போது, அந்த ஏழு வீடுகளில் ஏன் யாரும் குடியேறவில்லை என்று அவரையும் கேட்டேன்.

"அங்க முன்னால ஒரு வேப்பமரம் இருந்துச்சும்மா. அதுல முனி" என்றார் சாயபு.

காற்றா, முனியா என்ற குழப்பத்தோடு போய் இறங்கினால், அங்கே கண்டது அதைவிடக் குழப்பம். சாலையோரம் வரிசையாக ஏழு ஓட்டு வீடுகள். வெள்ளையடித்து அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் பலகை வைத்து அடைக்கப்பட்டிருந்தன. ஓட்டின்மேல் முள் பரப்பியிருந்தது. முதல் வீட்டின் எதிரே ஒரு நட்டுவைத்த கல், குங்குமம், காய்ந்த எலுமிச்சம்பழம். கடைசி வீட்டுக்குள்ளிருந்து, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு இருமியபடி என் தம்பி வந்தான். மற்றவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஒரு மாதமாக அவனே அதில் குடியிருக்கிறானாம்.

கேட்டதற்கு ஒவ்வொன்றாகச் சொன்னான். காற்று ஆகாது என்றார்கள், ஜன்னலை அடைத்தான். முனி என்றார்கள், கல் நட்டுப் பூஜை போட்டான். குரங்கு ஓட்டைப் பிரிக்கும் என்றார்கள், முள் பரப்பினான். ஒன்றைச் சரிசெய்தால் மறுநாள் புதிதாக இன்னொன்று வரும். "நான் செய்யாதது இன்னும் என்ன இருக்குக்கா?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்தது.

வீடு எப்படி என்றால், பார்க்கச் சிறப்பு, இருக்கச் சிரமம். உயரமான கூரை, சிமெண்டுத் தரை, மேற்கே பெரிய ஜன்னல்கள், ஏறிப்போக மூன்று செங்குத்துப் படிகள், ஒடுக்கமான வாசல். மாட்டுக்கொட்டில் சுகாதாரத்தை முன்னிட்டுத் தனியே நாற்பது அடி தள்ளி. சென்னையில் யாரோ விசிறிக்கொண்டே வரைந்த படம் அது என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது. அன்று இரவு கொண்டுபோன புடவைகள் இரண்டையும் போர்த்திக்கொண்டேன். ராகவனின் கம்பளியையும் பிடுங்கிக்கொண்டேன். ஆனாலும் பல் அடிப்பது நிற்கவில்லை.

புதன், காலை ஒன்பது மணி.

இரண்டு பர்லாங் தள்ளி ஊர். ராகவனோடு போனேன். எல்லோரும் அவனைக் கண்டதும் எழுந்தார்கள், மோர் கொடுத்தார்கள், இருமலுக்கு மிளகு கொடுத்தார்கள். மழையில் வீடு இழந்தவர்களில் நான்கு பேரைப் பார்த்தோம். ஒருவர் தை பிறக்கட்டும் என்றார். ஒருவர் அந்தப் பக்கம் பாம்பு அதிகம் என்றார். மூன்றாமவர், தன் மாமியாருக்குச் சிமெண்டுத் தரை வழுக்கும் என்றார். நான்காமவர் நெடுநேரம் யோசித்து, "காத்துதாங்க" என்று பழைய இடத்துக்கே திரும்பினார்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? இருபது வருஷம் வகுப்பில் பொய் கேட்டுப் பழகிய காது எனக்கு. இது அத்தனையும் பொய் என்று தெரிந்தது. ஆனால் இவ்வளவு மரியாதையும் இவ்வளவு மிளகும் கொடுத்துவிட்டு ஏன் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. பிடிக்காதவனிடம் பொய் சொல்வது உலக வழக்கம். இவர்களோ பிடித்தவனிடம் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மாலை நான்கு மணி.

ராகவன் இருமலோடு படுத்துவிட்டான். நான் மட்டும் ஐந்தாவது குடும்பத்தைத் தேடிப்போனேன். நஞ்சம்மா, அவள் கணவர் முனியப்பா. வீடு இடிந்ததிலிருந்து முனியப்பாவின் அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். மண்சுவர், தட்டையான மண்கூரை, அகலமான வாசல். படி கிடையாது, தெரு அப்படியே சரிந்து உள்ளே போகிறது. நானும் அப்படியே நுழைந்தேன். உள்ளே இருட்டு. ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டது. கண் பழகியபிறகு பார்த்தால், என் முழங்கைக்கு அருகே ஓர் எருதின் முகம்.

தொழுவத்துக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்து வெளியே போகத் திரும்பினேன். "வூடு இதுதாங்க, வாங்க" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. நஞ்சம்மாதான். முன்பாதி தாழ்வு, அதில் மாடுகள். பின்பாதி இடுப்பளவு உயரம், அதில் மனிதர்கள், அடுப்பு, நெல் குதிர். கூரையில் ஒரு துவாரம். அதன் வழியே இறங்கிய வெளிச்சம் சரியாக அடுப்பு இருக்கும் இடத்தில் விழுந்தது. சாணி நாற்றம் இருந்தது, மறைக்கவில்லை. மூக்கைப் பொத்த நினைத்துக் கையைத் தூக்கினேன்; அந்தக் கை ஓசூரில் இறங்கியபின் முதல்முறையாக வெதுவெதுப்பாக இருந்தது. தடித்த மண்சுவரும் ஐந்தாறு மாடுகளின் மூச்சுமாகச் சேர்ந்து அந்த வீட்டைக் காய்ச்சிவைத்திருந்தன. உட்கார்ந்ததும் எழுந்திருக்க மனம் வரவில்லை. இதை அசுத்தம் என்பதா, சுகம் என்பதா என்று எனக்கே தெரியவில்லை.

நஞ்சம்மாவுக்கு என் வயது இருக்கும். அவளுடைய கவலை வெளியே புளியமரத்தடியில் கட்டியிருந்தது. கெம்பி என்ற அவள் பசு. கன்னடத்தில் சிவப்பி என்று அர்த்தம். அண்ணன் மாடுகளுக்கே உள்ளே இடம் சரியாக இருந்ததால் இதற்கு இடமில்லை. நிறைசினை, இன்றைக்கோ நாளைக்கோ ஈனும். முதுகில் கோணிப்பை போட்டிருந்தார்கள். போன மாசிப் பனியில் பக்கத்து வீட்டுக்காரரின் கன்று வெளியே பிறந்து விறைத்துப்போயிற்றாம். ராத்திரியில் சிறுத்தை பயம் வேறு. சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

அப்படியானால் புது வீட்டுக்குப் போகவேண்டியதுதானே என்றேன். நஞ்சம்மா தலையைக் குனிந்துகொண்டு, அங்கே பாம்பு என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாம்போ முனியோ, வெள்ளிக்கிழமையோடு என் தம்பி வேலை போகிறது, சனிக்கிழமை அவனைத் திருச்சிக்குக் கூட்டிப்போகிறேன், பிறகு நீங்களும் உங்கள் பாம்பும் நிம்மதியாக இருக்கலாம் என்று கொட்டிவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேலை போவுதா? வூடு காலியா கெடந்தா அவருக்கு என்னாங்க? அவுரு கட்டி முடிச்சுட்டாரே."

யாரும் குடிவராவிட்டால் கட்டியவன் தலையில்தான் விடியும் என்றேன். நஞ்சம்மா அடுப்பை விட்டு இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

திறப்புவிழா அன்று நடந்ததைச் சொன்னாள். புது வீட்டுக்குள் முதலில் பசு நுழைய வேண்டும் என்று கெம்பியைத்தான் அலங்கரித்து ஓட்டிப் போயிருக்கிறார்கள். மூன்று படியும் செங்குத்து. எப்படியோ ஏறிவிட்டது. ஆனால் கெம்பிக்குப் பக்கவாட்டில் விரிந்த கொம்பு. ஒடுக்கமான வாசல் நிலையில் இரண்டு பக்கமும் இடித்தது. உதறிக்கொண்டு பின்வாங்கி, படியில் முட்டி போட்டு விழுந்துவிட்டது. வந்திருந்த அதிகாரிகளுக்கு அது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று தெரியவில்லை. வெளியிலேயே தேங்காய் உடைத்துவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போய்விட்டார்கள். ராகவன் அந்த நேரத்தில் சாலையில் ஜீப்புகளை வரவேற்றுக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் பார்க்கவே இல்லை. ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. பசு திரும்பிய வாசலில் இந்தப் பக்கத்து மனிதர்கள் கால் வைக்கமாட்டார்கள். கால் வைத்தாலும், மாடு நாற்பது அடி தள்ளித் தனியே படுக்கிற வீடு அவர்கள் கணக்கில் வீடே அல்ல.

"சொன்னா உங்க தம்பிக்குத்தானே கெட்ட பேரு, டீச்சரம்மா? நெலை வெச்சது அவுரு. மாடு நொழையாத வூட்டக் கட்டுனாருன்னு சேலம் வரைக்கும் போயிடும். நல்ல புள்ள. அதான் ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். காத்து மேல யாரு பிராது குடுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மூன்று மாதமாக ஓர் ஊரே சேர்ந்து என் தம்பியைக் காப்பாற்றி, காப்பாற்றி, வேலை போகும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

வியாழன், காலை ஏழு மணி.

ராகவனிடம் சொன்னேன். முகம் சிவந்தது. மூன்று மாதம், முள், முனி என்று முணுமுணுத்தான். பிறகு, "கெம்பிக்கு அன்னைக்கு அடி பட்டுதா?" என்று கேட்டான். அதன்பின் கடப்பாரையைத் தேடினான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சர்க்கார் சுவர், மேலிடத்தில் ஒப்புக்கொண்ட படம். சேலத்துக்கு எழுதி அனுமதி வாங்கு என்றேன். பதில் தையில் வரும், கெம்பி தை வரை காத்திருக்காது என்றான். இடித்தால் வேலை போகலாம். இடிக்காவிட்டால் நிச்சயம் போகும். அவன் திருச்சிக்கு வரவேண்டும் என்று நினைத்தவளும் நான்தான், இடிக்காதே என்று கையைப் பிடித்தவளும் நான்தான். என் மனமே எனக்குப் புரியாத நாள் அது. அவன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டான். "நான் குடியிருக்கற வீடு இது. பழி எனக்கு மட்டும்தான்" என்றான்.

முனியப்பா நாலு ஆட்களோடு வந்தார். கழிகளால் கூரைக்கு முட்டுக்கொடுத்து, வாசலின் ஒரு பக்கச் சுவரை ஒன்றரை அடி இடித்தார்கள். மேலே தாங்க நீளமான கற்பலகை ஒன்றை வண்டியில் ஏற்றி வந்தார்கள். அந்தப் பூமியில் கல்லுக்கா பஞ்சம்? படிகளின்மேல் மண்ணும் ஜல்லியும் கொட்டிச் சரிவாக்கினார்கள். முன்னறையின் தரையில் சிமெண்டு தெரியாமல் வைக்கோலைப் பரப்பினார்கள். சாயங்காலம் மஞ்சள் பூசி, கெம்பியை ஓட்டி வந்தார்கள். சரிவின் அடியில் அது நின்றது. கெம்பி ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு தன் வீட்டுக்குள் போகிற மாதிரி நிதானமாக உள்ளே போய் வைக்கோலில் படுத்துவிட்டது. பின்னறையை ராகவனும் நானும் வைத்துக்கொண்டோம். அன்று ராத்திரி அவன் இருமவில்லை.

வெள்ளி, காலை எட்டு மணி.

எழுந்தபோது கெம்பியின் பக்கத்தில் ஈரமான ஒரு கன்று இருந்தது. வெளியே திமிதிமி என்று சத்தம். கதவைத் திறந்து பார்த்தேன். மற்ற ஆறு வீடுகளின் வாசலிலும் கடப்பாரையோடு ஆட்கள். ஆறு வாசலும் இடிந்து அகலமாகியிருந்தன. சாமான் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வாசலுக்கே பதில் இல்லாதபோது ஏழா?

பத்து மணிக்கு ஜீப் வந்தது. கோட்டும் தொப்பியுமாக இன்ஜினீயர் இறங்கினார். ஏழு வீடுகளையும் ஒரு நடை நடந்தார். ஜனங்கள் இருந்தார்கள், அடுப்பு புகைந்தது, மாடுகள் அசைபோட்டன. வாசல்களைப் பார்த்தவர் முகம் இறுகியது. யார் இடித்தது என்று கேட்டார். ராகவன் ஓர் அடி முன்னால் வந்து வாயைத் திறந்தான்.

"மாடு முட்டிருச்சுங்க" என்றாள் நஞ்சம்மா.

ஏழு வாசலிலுமா என்று கேட்டார் இன்ஜினீயர். ஏழு வீட்டு மாடும் முட்டியது என்று ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னார்கள். அவர் இரண்டாவது வீட்டுக்குள் கை நீட்டினார். அங்கே கொம்பே முளைக்காத ஒரு மோழை மாடு நின்றது. இதுவுமா என்றார். "அது கொஞ்சம் கோவக்காரிங்க" என்றார் வீட்டுக்காரர்.

இன்ஜினீயரின் பார்வை கூட்டத்தைச் சுற்றி, வெளியூர்க்காரி என்று முகத்திலேயே எழுதியிருந்த என்மேல் வந்து நின்றது. நீங்கள் படித்தவர்போல இருக்கிறீர்கள், நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றார். ராகவனைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நாளைக்கு அவன் என்னோடு பஸ்ஸில் வருவான். என் வீட்டில் மறுபடியும் இரண்டு தட்டு வைப்பேன். அதற்குள் கன்று எழுந்து நின்று தடுமாறி என் புடவையில் மூக்கைத் துடைத்தது.

"நானும் பார்த்தேன். மாடுதான்" என்றேன்.

காற்று வீசியது. இன்ஜினீயர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு முன்னறைக்குள் ஒதுங்கினார். வெகுநேரம் அங்கேயே நின்றார். கெம்பியின் பக்கமாகக் கைகளை நீட்டிக்கூட வைத்துக்கொண்டார். கடைசியில் ராகவனைக் கூப்பிட்டு, மாடு முட்டிய வாசல்களைப் பழுதுபார்க்கும்போது இதே அகலத்தில் பார்க்கும்படியும், அடுத்துக் கட்டப்போகிற வீடுகளுக்கு முட்டாத வாசலாக ஒரு படம் வரைந்து அனுப்பும்படியும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் நம்பினாரா, நம்பியதுபோல இருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனி, காலை.

ஜட்கா வந்துவிட்டது. அதே ஒன்றரை ரூபாய். "நீயாக்கா பொய் சொன்னே?" என்று ராகவன் மறுபடியும் கேட்டான். பூகோள வாத்தியார் அந்தந்தச் சீமை வழக்கப்படிதான் பேசவேண்டும் என்றேன். அவன் சிரித்தான். வாசல் அகலம் அளக்க யாரோ கூப்பிட, ஓடிவிட்டான்.

நஞ்சம்மா வண்டிவரை வந்தாள். ஒரு செம்பில் சீம்பால் கொடுத்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில், உறையூரில் என் வீட்டில் மாடு எங்கே படுக்கும் என்று கேட்டாள். என் வீட்டில் மாடு கிடையாது என்றேன். பின்னே வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றாள். நான்தான் என்றேன்.

இடிந்த வீட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "அப்ப குளுருக்கு யாரு தொணை?"

எங்கள் ஊரில் குளிரே கிடையாது என்று சொன்னேன். யாருக்கும் கெட்ட பேர் வராத காரணம் அது ஒன்றுதான் அப்போது அகப்பட்டது.